அல்ச்சியின் இருட்டறைகள்: லடாக்கின் பழைய பௌத்தக் கோயில் ஓவியங்களைப் பார்க்க முழுமையான வழிகாட்டி

லடாக் போகிறவர்களின் பட்டியலில் பாங்காங் ஏரி, கார்துங் லா கணவாய், நூப்ரா மணல்மேடு மூன்றும் கட்டாயம் இருக்கும். பழைய பௌத்தக் கோயில்கள் உள்ள அல்ச்சி கிராமம் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் லமயூரு மடத்துக்குப் போகிற வழியில் அரை மணி நேரம் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்ப்பதோடு சரி. வெளியே நின்று பார்த்தால் வெள்ளையடித்த மண் கட்டடங்கள். உள்ளே இருட்டு. படம் எடுக்கவும் அனுமதி இல்லை. "ஒண்ணுமே தெரியல, கருப்பா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறுகிறவர்களை அங்கே எப்போதும் பார்க்கலாம்.

அந்த இருட்டுக்குள் இருப்பது சாதாரணப் பொருள் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரில் பௌத்த ஓவியர்கள் எப்படித் தீட்டினார்கள் என்று தெரிந்துகொள்ள இன்றைக்குக் காஷ்மீரில் சுவர் இல்லை. அவர்கள் கையெழுத்து மலைக்கு இந்தப் பக்கம், பெரும்பாலும் சிந்து நதிக் கரையை ஒட்டிய சில கிராமங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. அதைச் சரியாகப் பார்ப்பதற்குக் கொஞ்சம் தயாரிப்பு வேண்டும், நேரம் வேண்டும், எங்கே எதைத் தேடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த வழிகாட்டி அதற்காக. அல்ச்சியை நடுவில் வைத்துச் சொல்கிறேன். சுற்றியுள்ள கோயில்கள் பிறகு.

முதலில், இந்தச் சுவர் எதனால் ஆனது?

கிளம்புவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

லடாக்கில் கோயில் சுவர் என்றால் வெயிலில் காய்ந்த மண்செங்கல், அல்லது மண்சாந்து வைத்துக் கட்டிய கல். அதன்மேல் களிமண்ணும் வைக்கோல் துணுக்கும் கலந்த பூச்சு. அதற்கும் மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு. அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஓவியர் தூரிகையை எடுப்பார். வண்ணங்கள் பெரும்பாலும் கனிமங்களை அரைத்த பொடி. அவற்றைச் சுவரில் ஒட்டிவைப்பது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை. ஈரச் சுண்ணாம்பில் தீட்டி, சுண்ணாம்பு இறுகும்போது நிறமும் சேர்ந்து இறுகிப்போகிற முறை வேறு. இங்கே நிறம் காய்ந்த மண்ணின்மேல் பசையால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் பட்டால் பசையும் கரையும், கீழே இருக்கிற மண்ணும் கரையும்.

அப்புறம் எப்படி இத்தனை நூற்றாண்டு தாங்கியது? லே பகுதியில் ஆண்டு முழுவதும் சேர்ந்தே சுமார் 100 மில்லிமீட்டர் மழைதான். சென்னையில் ஒரு புயல் நாளில் கொட்டுகிற மழை அது. அந்த வறட்சியை நம்பித்தான் கூரையும் போட்டிருக்கிறார்கள்: பாப்லர் மர உத்தரங்கள், அவற்றின்மேல் நெருக்கமாக அடுக்கிய வில்லோ குச்சிகள், மேலே புல், அதற்கு மேல் மண். தட்டையான கூரை. பனி விழுந்தால் உடனே ஏறித் தள்ளிவிடுவார்கள். ஆனால் 2010 ஆகஸ்ட் மேகவெடிப்பு மாதிரி திடீரென்று மழை கொட்டினால் மண் கூரை ஊறிவிடும். கரைந்த சேறு உத்தரத்தின் ஓரமாக வழிந்து நேரே ஓவியத்தின்மேல் இறங்கும். ஒழுகுகிறதே என்று மேலே மேலே மண்ணைப் போட்டால் கூரையின் பாரம் கூடி, உத்தரம் தொய்ந்து, சுவரின் தலைப்பகுதி விரிசல் விடும்.

அதனால் அங்கே போனதும் முதலில் கூரையைப் பாருங்கள். ஓவியத்துக்கு என்ன ஆகியிருக்கும் என்பதில் பாதியைக் கூரையே சொல்லிவிடும்.

எப்போது போவது, எப்படிப் போவது

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை போகலாம். என் பரிந்துரை செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் அதிகம். சின்ன அறைக்குள் பதினைந்து பேர் நின்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. செப்டம்பரில் வானமும் தெளிவாக இருக்கும், கதவு வழியாக உள்ளே விழுகிற வெளிச்சமும் நன்றாக இருக்கும். ஆப்ரிகாட் பழம் சாப்பிட வேண்டும் என்றால் மட்டும் ஆகஸ்ட். அல்ச்சியும் சஸ்போலும் ஆப்ரிகாட் தோப்புகளுக்குப் பேர்போன ஊர்கள்.

டெல்லியிலிருந்து லேவுக்கு விமானம். லே 3,500 மீட்டர் உயரம். இறங்கிய அன்றும் மறுநாளும் ஊர் சுற்றாதீர்கள்: ஓய்வு, நிறையத் தண்ணீர், மெதுவான நடை. தலைவலி லேசாக இருந்தால் இயல்பு. வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் உடனே மருத்துவமனை. உயர நோய்க்கான மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்; சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். அல்ச்சி சுமார் 3,100 மீட்டர்தான், லேவைவிடத் தாழ்வு. லேவில் மூச்சு வாங்கியவர்கள்கூட இங்கே நன்றாகத் தூங்குவார்கள்.

சாலை சுலபம். லேவிலிருந்து கார்கில் போகும் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் நிம்மு வரும். சான்ஸ்கார் ஆறு சிந்துவில் கலக்கிற இடம். அடுத்து பஸ்கோ, பிறகு சஸ்போல். சஸ்போலைத் தாண்டியதும் நெடுஞ்சாலையை விட்டு இடப்பக்கம் இறங்கி, பாலத்தில் சிந்துவைக் கடந்தால் அல்ச்சி. லேவிலிருந்து மொத்தம் 65, 70 கிலோமீட்டர். பேருந்தும் உண்டு, நேரத்தை லே பேருந்து நிலையத்தில் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். வண்டி பிடித்தால் நாலைந்து பேர் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளலாம்.

இந்தப் பாதைக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. பாங்காங், நூப்ராவுக்குத்தான் அந்த விதியெல்லாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் இலங்கை, மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களும் அல்ச்சி, லமயூரு வரை அனுமதி இல்லாமலே போகலாம். இன்னொன்று: மற்ற மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு எண் ஒன்றாவது குழுவில் யாரிடமாவது இருக்கட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: அல்ச்சியில் ஒரு இரவாவது தங்குங்கள். லேவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்கள் எல்லாரும் முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் நடுவில்தான் வந்து குவிவார்கள். ஊரில் தங்கியவர்களுக்குக் காலையில் திறந்ததும் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று என்று கூட்டமில்லாத நேரம் இரண்டு முறை கிடைக்கும். விருந்தினர் இல்லங்கள் நிறைய இருக்கின்றன. சைவம் மட்டும் சாப்பிடுவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் காய்கறி போட்ட துக்பா (நூடுல்ஸ் சூப்), ஸ்க்யூ (கோதுமை மாவுத் துண்டுகள் போட்ட குழம்பு) என்று சூடாகச் செய்து தருவார்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

கனமான கம்பளிக் காலுறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், தரை கோடையிலும் சில்லென்று இருக்கும். கால் விறைத்தால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டீர்கள்.

சின்ன டார்ச், மங்கலான மஞ்சள் வெளிச்சம் தருவதாக. அதைப் பயன்படுத்தலாமா என்று உள்ளே இருக்கும் லாமாவிடம் கேட்டுவிட்டுப் பிறகு எடுங்கள். கூடாது என்றால் பையிலேயே இருக்கட்டும். பறவை பார்ப்பவர்கள் வைத்திருப்பது போன்ற பைனாகுலர் ஒன்று, இரண்டு மூன்று மீட்டர் தொலைவிலும் குவியம் பிடிக்கக்கூடியது கிடைத்தால் ரொம்ப நல்லது. அல்ச்சியில் சுவரின் மேல்பகுதியும் மேற்கூரைப் பலகைகளும் வெறும் கண்ணுக்கு எட்டாது. குறிப்பேடும் பென்சிலும். பேனா வேண்டாம், மை சிந்தும்.

சில்லறைப் பணம் நுழைவுக் கட்டணத்துக்கும் காணிக்கைக்கும். முதுகுப்பையை அறையிலோ வண்டியிலோ வைத்துவிடுங்கள். நெருக்கடியான இடத்தில் பையோடு திரும்பினால் பின்னால் இருக்கும் சுவரைப் பை உரசும். பழைய கோயில்களில் ஆள் உயரத்தில் தேய்ந்து வெளுத்த பட்டை தெரிவது இப்படித்தான்.

கிளம்புமுன் வீட்டிலேயே படங்களைப் பார்த்துவிடுங்கள். வியன்னா பல்கலைக்கழகத்தின் மேற்கு இமயமலை ஆவணக் காப்பகம் இந்தப் பகுதிக் கோயில்களைப் பல பத்தாண்டுகளாகப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தை முன்பே பார்த்த கண்ணுக்கு இருட்டில் அந்த உருவம் சீக்கிரம் பிடிபடும்.

வளாகத்துக்குள்

அல்ச்சி கோயில் மலை உச்சியில் இல்லை. ஊரின் நடுவே, ஆற்றை ஒட்டிய சமதளத்தில், மரங்களுக்கு நடுவே இருக்கிறது. லடாக்கில் திக்சேயையும் லமயூருவையும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். இங்கே துறவிகள் நிரந்தரமாக வசிப்பதில்லை. பக்கத்திலுள்ள லிகிர் மடத்தின் துறவிகள்தான் பூசையையும் சாவியையும் பார்த்துக்கொள்கிறார்கள். மதிய உணவு நேரத்தில் பூட்டுவது வழக்கம், அதைக் கணக்கில் வைத்துப் போங்கள்.

லடாக்கில் யாரைப் பார்த்தாலும் "ஜூலே" என்று சொல்லலாம். வணக்கம், நன்றி, போய் வருகிறேன் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் போதும். தொப்பியைக் கழற்றுங்கள். ஸ்தூபியோ கோயிலோ, வலப்பக்கம் இருக்கும்படியாகச் சுற்றுங்கள். நம் பிரதட்சிணம்தான், அதே திசை. சிலைக்கு நேரே கால் நீட்டி உட்கார வேண்டாம்.

ஐந்து கோயில்கள் இருக்கின்றன: துகாங் என்னும் கூடம், சும்ட்செக் என்னும் மூன்றடுக்குக் கோயில், மஞ்சுஸ்ரீ கோயில், அதை ஒட்டிய லோட்சாவா கோயில், பிற்காலத்து லாகாங் சோமா. வழியிலேயே நுழைவாயில் போல நடுவே நடந்து போகும்படியான ஸ்தூபிகள் வரும். அவற்றுக்குள்ளும் ஓவியம் உண்டு. நடக்கும்போது அண்ணாந்து பாருங்கள், பலரும் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள்.

யார் கட்டியது? ஊர்க்காரர்கள் மொழிபெயர்ப்பாளர் ரின்சென் சாங்போ (958–1055) என்பார்கள். மேற்கு இமயத்தில் பழைய கோயில் எல்லாவற்றையும் அவர் பேரில் சொல்வது வழக்கம். கல்வெட்டுக்குப் பதில் இங்கே சுவரில் மையால் எழுதிய வாசகங்கள் இருக்கின்றன. அவற்றின்படி துகாங்கை எழுப்பியவர் கல்தென் ஷெராப், சும்ட்செக்கை எழுப்பியவர் சுல்ட்ரிம் ஓ. சும்ட்செக்கின் மூன்றாம் தளத்தில் குருபரம்பரை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. அதில் திபெத்தின் திரிகுங் மடத்தை நிறுவிய ஜிக்தென் கோன்போ (1143–1217) வருவதை வைத்து 13ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று ஒரு சாரார் கணிக்கிறார்கள். அதற்கும் முந்தியது என்பவர்களும் உண்டு.

துகாங்: ஐந்து நிறங்களை வைத்துப் படியுங்கள்

உள்ளே போனதும் எதையும் பார்க்க அவசரப்படாதீர்கள். சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி நில்லுங்கள், கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள். வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு இருட்டு பழக நல்ல பத்து நிமிடம் ஆகும். லடாக் வெயில் கண்ணைக் கூசவைக்கும் வெயில் என்பதால் வெளியே இருக்கும்போதே கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தால் இந்த நேரம் குறையும். கைபேசியை எடுத்துத் திரையைப் பார்த்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

துகாங்கின் சுவர்களை நிறைத்திருப்பவை பெரிய பெரிய மண்டலங்கள், அதாவது நடுவில் ஒருவரும் திசைக்கு ஒருவருமாகத் தெய்வங்களை அமைத்துக் காட்டும் வரைபடங்கள். முதலில் பார்க்கும்போது வட்டமும் சதுரமும் நூற்றுக்கணக்கான சின்ன உருவங்களுமாகக் குழப்பும். ஐந்து புத்தர்களைத் தெரிந்துகொண்டால் குழப்பம் பாதி தீரும். நடுவில் வெள்ளை நிற வைரோசனர், சிங்க வாகனம். கிழக்கே நீல நிற அட்சோப்பியர், யானை. வலக்கை தரையைத் தொடும். தெற்கே மஞ்சள் நிற இரத்தினசம்பவர், குதிரை. கை வரம் தரும் நிலை. மேற்கே சிவப்பு நிற அமிதாபர், மயில். மடியில் தியான முத்திரை. வடக்கே பச்சை நிற அமோகசித்தி, கருடன், அபய முத்திரை. மண்டலங்களில் கிழக்கு பொதுவாகக் கீழ்ப்பக்கம் இருக்கும். நீல உருவத்தைக் கீழே கண்டுபிடித்துவிட்டால் அங்கிருந்து வலம் சுற்றி வந்துவிடலாம். நிறம் மங்கியிருந்தால் கையைப் பாருங்கள். கையும் உதிர்ந்திருந்தால் பீடத்தில் இருக்கும் வாகனத்தைப் பாருங்கள். பழுதான சுவரில் இந்த மூன்றில் ஒன்றாவது மிஞ்சியிருக்கும்.

வெளியே வருமுன் திரும்பி, நுழைந்த கதவுச் சுவரைப் பாருங்கள். கதவுக்கு மேலே காவல் தெய்வம் மகாகாளர். அந்தச் சுவரிலேயே அரசரும் அரசியும் அமர்ந்து பருகும் காட்சி இருக்கிறது. அல்ச்சியில் நான் யாரையும் கைபிடித்து அழைத்துப்போய்க் காட்ட விரும்பும் காட்சி இது. அரசரின் மேலங்கி துருக்கிய, மத்திய ஆசியப் பாணி: வட்ட வட்டமான பூவேலை, வட்டங்களுக்குள் விலங்கு உருவம், மேற்கையைச் சுற்றிப் பட்டை. பௌத்தக் கோயிலுக்குள், இஸ்லாமிய அரசவைகளில் வழங்கிய உடையில் ஒரு மலைநாட்டு அரசர். அந்தக் காலத்தில் சிந்து நதியோரம் துணியும் நாகரிகமும் எங்கிருந்தெல்லாம் வந்து சேர்ந்தன என்று அந்த ஒரு சட்டையே காட்டுகிறது.

சும்ட்செக்: வேட்டிகளைப் பாருங்கள்

நேரம் குறைவு என்றால் மற்றதை விட்டுவிட்டு இங்கேயே இருங்கள். முன்புறம் மரத்தூண்களும் முக்கோண முகப்புகளும் காஷ்மீர்க் கோயில் பாணியில் செதுக்கியவை. உள்ளே மூன்று பக்கச் சுவர்களிலும் மாடங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் நான்கு மீட்டர் உயரமான களிமண் போதிசத்துவர் (புத்தராகும் பாதையில் இருப்பவர்) நிற்கிறார். இடப்பக்கம் அவலோகிதேசுவரர், எதிரே வருங்காலப் புத்தரான மைத்ரேயர், வலப்பக்கம் மஞ்சுஸ்ரீ. தலைகள் மேல்தளத்துக்குப் போய்விடும்; கீழே நிற்கிற நமக்கு நேராகத் தெரிவது இடுப்பும் வேட்டியும். மேல்தளங்களுக்குப் பார்வையாளர்களை விடுவதில்லை, வற்புறுத்த வேண்டாம். அந்த மரத்தளம் எத்தனை பேரைத் தாங்கும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

தலை தெரியவில்லையே என்று வருத்தப்படத் தேவையில்லை, ஓவியரின் உழைப்பு வேட்டிகளில்தான் கொட்டிக் கிடக்கிறது. அவலோகிதேசுவரரின் வேட்டி முழுக்கக் கோயில்கள், மாளிகைகள், குதிரை வீரர்கள், வழிபடுகிறவர்கள். காஷ்மீரத்துப் புண்ணியத் தலங்கள் என்று கருதுகிறார்கள். மைத்ரேயரின் வேட்டியில் வட்டம் வட்டமாகப் புத்தரின் வாழ்க்கை. மஞ்சுஸ்ரீயின் வேட்டியில் 84 மகாசித்தர்கள்.

சித்தர்களுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய அளவுதான் ஒவ்வொருவரும். கருத்த மேனி, சடைமுடி, காதில் குண்டலம். சிலருக்கு முழங்காலைச் சுற்றி யோகப்பட்டம். நம் ஊரில் யோகநரசிம்மருக்கும் ஐயப்பனுக்கும் கட்டியிருக்கிற அதே பட்டம். டார்ச்சுக்கு அனுமதி கிடைத்தால் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். தோலின் நிறம் ஓரத்தில் கருத்து நடுவில் வெளுத்து வருவது தெரியும். அது ஒரே தீட்டலில் வந்ததல்ல. மயிரிழை போன்ற கோடுகளைப் பக்கம் பக்கமாகப் போட்டுக் கொண்டுவந்த உருட்சி. கோடு தடிமன் மாறாமல் ஒரே மூச்சில் தோளிலிருந்து விரல்வரை இறங்கியிருக்கும்.

பக்கத்திலேயே எல்லாப் படங்களிலும் வரும் பச்சைத் தேவியும் இருக்கிறாள், அவலோகிதேசுவரரின் மாடத்தை ஒட்டி. ஆறு கைகள். தாரை என்பவர்களும் உண்டு, பிரஞ்ஞாபாரமிதை என்பவர்களும் உண்டு. மேலாடை அத்தனை மெல்லியது, அதன் பூவேலை தோலின்மேல் மிதப்பது போலத் தெரியும். அண்ணாந்தால் மேற்கூரைப் பலகைகள் முழுக்கத் துணி வடிவங்கள்: விதானம் கட்டியது போலவே தீட்டியிருக்கிறார்கள். பைனாகுலர் இதற்குத்தான்.

தமிழ் படித்தவர்களுக்கு அவலோகிதர் அந்நியர் அல்ல. 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம், அகத்தியர் தமிழ் கேட்டறிந்தது அவலோகிதரிடமே என்கிறது. ஏறக்குறைய அதே நூற்றாண்டுகளில் சிந்துக் கரையில் அவருக்கு இவ்வளவு பெரிய உருவம் எழுந்திருக்கிறது. அந்த நினைப்போடு அந்த மாடத்தின் முன் நிற்பது தனி அனுபவம்.

பழுதைப் படிப்பது

பழுதை ஒதுக்கிவிட்டு ஓவியத்தை மட்டும் பார்க்க முயன்றால் பாதிதான் கிடைக்கும். சுவரில் தெரியும் ஒவ்வொரு குறைக்கும் காரணம் வேறு.

மேலிருந்து கீழே நேர்கோடாக இறங்கும் பழுப்பு, சாம்பல் தாரைகள் கூரை ஒழுக்கு. அதன் உச்சியை அண்ணாந்து பாருங்கள், நேர் மேலே ஒரு உத்தரம் சுவரில் நுழையும் இடம் இருக்கும். சுவரின் அடிப்பகுதியில் மட்டும் நிறம் மாவு போல உதிர்ந்து வெள்ளை பூத்திருந்தால் தரையிலிருந்து ஏறிய ஈரமும் உப்பும். வெளிச்சுவரில் சிமென்ட் பூசியிருந்தால் இது இன்னும் மோசமாகும். மண்சுவர் மூச்சுவிட முடியாமல் ஈரம் உள்பக்கமாகத் திரும்பும். எங்கும் ஒரே சீராகப் படிந்த கருமை, வெண்ணெய் விளக்கின் புகை. அது வழிபாட்டின் தடம். விளக்கை வெளியே தனி இடத்தில் ஏற்றச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். நிறம் செதில் செதிலாகச் சுருண்டு நிற்பது, பசை செத்துவிட்டதன் அடையாளம். அதன் பக்கத்தில் பலமாக மூச்சுகூட விடாதீர்கள். கூர்மையான கீறலும் பெயர்களும் யார் வேலை என்று சொல்லத் தேவையில்லை.

இதோடு இன்னொன்றையும் கவனியுங்கள்: பின்னாளில் மேலே தீட்டியது. சும்ட்செக்கை 16ஆம் நூற்றாண்டில், அரசர் தாஷி நம்கியால் காலத்தில் பழுதுபார்த்திருக்கிறார்கள். கோடு தடித்து, முகம் தட்டையாகி, நிறம் ஒரே பூச்சாக இருக்கும் இடங்களைப் பார்த்தால் சந்தேகப்படலாம். பக்கத்தில் இருக்கும் மூலக் கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; சில நிமிடத்தில் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபட்டுவிடும். அதற்காக அந்தப் பழுதுபார்த்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு அவர் கூரையை மாற்றியிருக்காவிட்டால் இன்று நாம் பார்க்க எதுவும் இருந்திருக்காது.

படமெடுக்கத் தடை இருப்பதால் பென்சிலை எடுங்கள். அழகாக வரையத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒரு சுவரைச் செவ்வகமாகப் போட்டு, எந்த உருவம் எங்கே, எங்கே கறை, எங்கே விரிசல் என்று தேதியோடு குறித்தால் போதும். ஈரமாக இருக்கும் புதுக் கறையைப் பார்த்தால் வெளியே வந்ததும் லாமாவிடம் சொல்லுங்கள்.

அடுத்த நாள்: சஸ்போல், மங்யூ, பஸ்கோ

சஸ்போல் ஊருக்கு மேலே மண்மலையில் குடைந்த சின்னக் குகைகள், 15ஆம் நூற்றாண்டை ஒட்டிய ஓவியங்களோடு. ஏற்றம் செங்குத்து, சரளைக்கல் வழுக்கும். உள்ளே நாலு பேர் நின்றாலே நெருக்கடி. ஆனால் வாசல் வழியாக வெளிச்சம் நேராக விழுவதால் அல்ச்சியில் தெரியாததெல்லாம் இங்கே தெரியும். பாணி வேறு, காஷ்மீர்க் கை இல்லை; திபெத்தியக் கை. முந்தின நாள் அல்ச்சியைப் பார்த்திருந்தால் அந்த மாற்றம் உடனே உறைக்கும்.

மங்யூ கோயில் ஒரு பக்கப் பள்ளத்தாக்கில் இருக்கிறது, அல்ச்சிக் காலத்தை ஒட்டியது. கூட்டமே இருக்காது. அதனாலேயே சாவி வைத்திருப்பவரைத் தேட வேண்டியிருக்கும். அவர் வயலில் இருக்கலாம். தங்கும் வீட்டுக்காரரிடம் முதல் நாளே சொல்லி, முடிந்தால் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். சாவி கொண்டுவருகிறவர் வேலையை விட்டுவிட்டு வருகிறார் என்பதை நினைவில் வைத்துக் காணிக்கை வையுங்கள். இன்னும் ஒரு நாள் இருந்தால் லமயூருவுக்குப் பக்கத்தில் வன்லாவின் மூன்றடுக்குக் கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பஸ்கோவைத் திரும்பும் வழியில் வையுங்கள். பழைய தலைநகர், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மங்கோலிய, திபெத்தியப் படையின் நீண்ட முற்றுகையைத் தாங்கிய கோட்டை. உதிர்ந்துகொண்டிருந்த மண்குன்றின் உச்சியில் மைத்ரேயர் கோயில்கள். ஊர்க்காரர்களே குழு அமைத்துப் பொறுப்பேற்று அவற்றை மீட்டார்கள். 2007இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் முதல் பரிசு இதற்குக் கிடைத்தது. அல்ச்சியில் பழுதைப் படிக்கப் பழகிய கண்ணோடு வந்து, இங்கே கூரையும் சுவரும் எப்படிச் சீர்செய்யப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள்.

இன்னொரு பயணத்துக்கு: தாபோ

இதே ஓவிய உலகத்தைத் தொடர வேண்டுமென்றால் அடுத்தது இமாச்சலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கிலுள்ள தாபோ, 3,280 மீட்டர். 996இல் மேற்குத் திபெத்தின் குகே நாட்டு அரசர் யேஷே ஓ நிறுவியது, 1042இல் புதுப்பிக்கப்பட்டது. 1975 நிலநடுக்கத்தில் சேதமடைந்து மீண்டது. கூடத்தின் சுவர்களில் 33 களிமண் உருவங்கள் அந்தரத்தில் அமர்ந்திருப்பது போலப் பதிக்கப்பட்டிருக்கின்றன; அந்தக் கூடமே ஒரு மண்டலம். கூரைத் திறப்பு வழியாக வரும் வெளிச்சம் மட்டும்தான். உள்ளே இங்கும் படம் எடுக்கக் கூடாது.

நுழைந்து இடப்பக்கமாக வலம் தொடங்கினால் கண்மட்டத்துக்குக் கீழே சுதனன் கதை ஓடும். ஞானம் தேடி ஒவ்வொரு ஆசானாகப் பார்க்கப் போகிற வணிகர் மகன் சுதனன். கண்டவியூக சூத்திரம் சொல்லும் கதை இது. அந்தச் சூத்திரத்தில் அவன் தேடிப்போகும் ஆசான்களில் ஒருவர் திராவிட நாட்டின் வஜ்ரபுரத்தில் வாழும் மேகன். ஒவ்வொரு காட்சியின் அடியிலும் திபெத்திய எழுத்தில் வாசகம் உண்டு. கோயில் துறவியிடம் மேகன் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சுற்றைத் தொடர்ந்தால் சுதனன் கதை முடிந்து புத்தரின் வாழ்க்கை தொடங்கும்.

மணாலியிலிருந்து குன்சும் கணவாய் வழியாகக் காசா வந்து தாபோ போவது கோடையில் மட்டும் முடியும். சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாக வருவது நீளமான பாதை, ஆனால் உயரம் படிப்படியாகக் கூடுவதால் உடம்புக்கு நல்லது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் கின்னௌர் பாதையில் அனுமதிச் சீட்டு வேண்டும். அதை ரெக்காங் பியோவில் வாங்கிக்கொள்ளலாம், அரசு அலுவலக விடுமுறை நாளில் போய் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.